நர்சுப் படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள்



பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்த நாள் முதல் அறைவீட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை. ஞானஸ்நானச் சான்று கேட்டு வருகிறவர்கள், நற்சான்றுக் கடிதம் கேட்டு வருகிறவர்கள். அவர்களில் ஏழு குடும்பத்தார் நர்சுப் படிப்புக்காக வந்தார்கள். ஆறு பெண்பிள்ளைகள், ஒரு பையன். ஏழு தகப்பன்மாரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "பிள்ளை ஏன் இந்தப் படிப்புக்குப் போகிறது?" ஐந்து பேர், "முடித்தால் வெளிநாடு போகலாம், சுவாமி" என்றார்கள். ஒருவர், "வேறே இடம் கிடைக்கவில்லை" என்றார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "நர்சுக்குப் படித்தால் மாப்பிள்ளை தேடி வருவான்" என்றார். பிள்ளைகளோ நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார்கள். அந்தப் பையனும் தரையைத்தான் பார்த்தான்.

உழைத்துச் சம்பாதிப்பது பாவமென்று நான் சொல்ல வரவில்லை. வளைகுடா நாடுகளிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் நம் பெண்கள் அனுப்பிய பணத்தில் இந்தப் பங்கிலேயே எத்தனை ஓட்டு வீடுகள் மெத்தை வீடுகளாயின, எத்தனை தம்பிமார் படித்து ஆளானார்கள் என்பது எனக்குத் தெரியும். நமது கோவில் மணிக்கூண்டிலும் அவர்களுடைய இராத் தூக்கத்தில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. ஆகையால் பணத்தைக் குறித்து முகம் சுளிக்க எனக்கு வாயில்லை. ஆனால் அந்த ஏழு பிள்ளைகளில் ஒன்றாவது வாயைத் திறந்து பேசவில்லையே என்பது என்னை வருத்தியது. மூன்று வருஷமோ நான்கு வருஷமோ படிக்கப்போவது தகப்பனார் அல்ல. நடுச்சாமத்தில் வாந்தியெடுக்கும் வியாதிக்காரரின் தலையைத் தாங்கிப் பிடிக்கப்போவதும் தகப்பனார் அல்ல.

நல்ல சமாரித்தனுடைய உவமையை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். அதில் குருவானவர் ஒருவர் விலகிப் போகிற இடத்தை வாசிக்கும்போது எனக்கு எப்போதும் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்; அது கிடக்கட்டும். சமாரித்தன் என்ன செய்தான் என்பதை மாத்திரம் இன்று பாருங்கள். இரக்கப்பட்டான் என்பதோடு நமது சேசுநாதர் சுவாமி நிறுத்தவில்லை. காயத்தில் இரசமும் எண்ணெயும் வார்த்தான் என்கிறார். இரசம் புண்ணைக் கழுவ, எண்ணெய் எரிச்சலை ஆற்ற. அந்நாட்களில் கைவசம் இருந்த மருந்து அதுதான். பிறகு கட்டுப் போட்டான். அடிபட்டவனை நடக்கவிடாமல் தன் மிருகத்தின்மேல் ஏற்றினான். சாவடியில் இரவெல்லாம் கூட இருந்து பராமரித்தான். மறுநாள் புறப்படும்போது சாவடிக்காரனிடம் ஆளை ஒப்படைத்து, இன்னது செய்ய வேண்டுமென்று சொல்லி, செலவுக்குக் கொடுத்து, திரும்பி வந்து விசாரிப்பதாகவும் சொன்னான். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்சு தன் நேரம் முடிந்து அடுத்தவளிடம் படுக்கை படுக்கையாக வியாதிக்காரர்களை ஒப்படைத்துவிட்டுப் போவது இதுவே அல்லவா? அந்த மனிதனுக்கு இரக்கம் இருந்தது. என்ன செய்வதென்றும் தெரிந்திருந்தது. தெரியாதவன் இரக்கப்பட்டு உடைந்த எலும்பைப் பிடித்து இழுத்திருப்பான்.

இதை நான் புஸ்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தாயார் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது எங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அக்காமார், அண்ணிமார், பெரியம்மா, அடுத்த வீட்டார் என்று எந்நேரமும் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். மாலைதோறும் ஜெபமாலை சொன்னோம். ஐம்பத்துமூன்று மணியும் கண்ணீரோடுதான் சொன்னோம். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்று தெரியாது. அசைத்தால் வலிக்குமென்று பயந்து மல்லாக்கவே கிடத்திவிட்டோம். சில நாளில் முதுகின் அடியில் தோல் சிவந்தது. சூடு என்று நினைத்துப் பவுடர் போட்டோம். பிறகு ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்ணாயிற்று. பிறகு உள்ளங்கை அகலம். அம்மாவுக்கோ வாய் பேச வராது.

அடுத்த தெருவில் ஒரு ஏழை வீட்டுப் பெண் நர்சுப் படிப்பில் இரண்டாம் வருஷம். லீவுக்கு வந்திருந்தவள் பார்க்க வந்தாள். வந்தவள் அழவில்லை. முதலில் கையைக் கழுவினாள். அம்மாவை ஒருக்களித்துப் புரட்டி, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தாள். "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும், அக்கா, எழுதி வையுங்கள்" என்றாள். அண்ணி படுத்த வாக்கிலேயே கஞ்சி ஊட்டுவதைக் கண்டு பதறிப்போய்த் தடுத்தாள். உட்கார்த்தி வைத்து, கஞ்சியைக் கெட்டியாக்கி, சிறு கரண்டியால் நல்ல பக்கத்துக் கன்னத்தில் வைத்து, விழுங்கினதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. இல்லாவிட்டால் கஞ்சி மூச்சுக்குழலில் போய் நெஞ்சில் சளி கட்டி ஆளையே கொண்டுபோகும் என்றாள். பத்தொன்பது வயசுப் பிள்ளை. நாங்கள் குடும்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டோம். அம்மா அதன்பின் ஏழு மாதம் இருந்தாள்; அந்தப் புண் ஆறித்தான் போனாள். புண் வராமலே காத்திருக்கலாமே என்று இன்றைக்கும் பூசையில் மரித்தோர் நினைவு சொல்லுமிடத்தில் எனக்குத் தோன்றும்.

ஆகையால் "சேவை மனப்பான்மை இருந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. பி.எஸ்ஸி. நர்சிங் என்பது நான்கு வருஷம். ஜி.என்.எம். என்பது மூன்று வருஷம். ஏ.என்.எம். இரண்டு வருஷம். சரீரத்தின் அமைப்பு, அது நடக்கும் விதம், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் சாஸ்திரம், ஊட்டச் சத்து, மனநூல், மருந்து நூல், குழந்தை வைத்தியம், பிரசவம், பைத்தியம் பிடித்தோரைப் பராமரிக்கிற முறை, கிராமத்தில் வீடு வீடாய்ப் போகிற வேலை - இத்தனையும் உண்டு. இதில் பாதிக்கு மேல் வகுப்பில் அல்ல, வார்டில்தான் படிக்க வேண்டும். முதல் வருஷத்திலே பொம்மையைக் கிடத்திப் படுக்கை விரிக்கப் பழக்குவார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் ஆசிரியை பிரித்துப் போட்டு மறுபடி விரி என்பார். சில பிள்ளைகள் வீட்டுக்கு எழுதுகிறார்களாம், "படுக்கை விரிக்கவா இத்தனை பணம் கட்டினீர்கள்" என்று. அந்தச் சுருக்கம்தான் என் தாயாரின் முதுகில் புண்ணாயிற்று என்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வேன்.

கணக்கும் வேண்டும். 1 மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து கரைந்திருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது 1 மில்லிகிராம். அப்படியானால் ஊசியில் ஏற்ற வேண்டியது 0.1 மில்லி. தூக்கக் கலக்கத்தில் புள்ளியை மறந்து 1 மில்லி ஏற்றினால் பத்து மடங்கு போய்விடும். அதனாலே சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் நம் பிள்ளைகள் மந்திரங்களைப் படிப்பதுபோல மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கிறது.

இங்கே பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்; கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்படித் தவறிப் போனால் அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்? அந்த நிமிஷமே ஓடிப்போய், "நான் தவறாய்க் கொடுத்துவிட்டேன்" என்று மேலே உள்ளவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். மறைத்தால் காப்பாற்ற முடியாது. குடம் உடைந்ததற்காக நாம் அடித்த அடியில், உடைந்த ஓட்டைக் கொல்லையில் புதைத்து வைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, அந்த இராத்திரி வார்டில் என்ன செய்யும்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சிறு பிள்ளைகள் வந்து, "அம்மாவுக்குப் பயந்து பொய் சொன்னேன்" என்று சொல்லும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது.

ரிக்கார்டு நோட்டு என்று ஒன்று வைத்திருப்பார்கள். எத்தனை பிரசவம் பார்த்தாள், எத்தனை புண்ணுக்குக் கட்டுப் போட்டாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாராத பிரசவத்தைப் பார்த்ததாக எழுதித் தோழியின் நோட்டைப் பார்த்து நிரப்புவது சில இடங்களில் வாடிக்கையாகிவிட்டதென்று கேள்விப்படுகிறேன். எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம் என்பது ஒரு பக்கம். அந்த நோட்டை நம்பி ஒரு கர்ப்பிணி அவள் கையில் வந்து படுப்பாளே, அது மற்றப் பக்கம்.

வியாதிக்காரருக்கும் நர்சுகளுக்கும் பாதுகாவலரான அர்ச். கமில்லுஸ் என்பவரும் படித்தே ஆக வேண்டியிருந்தது. இத்தாலி தேசத்தில் 1550-ல் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், போர்ச்சேவகன், சூதாடி. காலில் ஆறாத புண்ணோடு உரோமாபுரி ஆஸ்பத்திரியில் வேலைக்காரனாகச் சேர்ந்து, சூதாட்டத்தினாலும் சண்டையினாலும் அங்கிருந்து துரத்தப்பட்டார். மனந்திரும்பின பிறகு அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தார். கூலிக்கு வேலை செய்கிறவர்கள் வியாதிக்காரரை அழுக்கிலே கிடக்க விடுவதைக் கண்டு, அன்புள்ளவர்களைச் சேர்த்து இதற்கென்றே பழக்க வேண்டுமென்று கண்டுகொண்டார். அதற்குக் குருப்பட்டம் வேண்டும், குருப்பட்டத்துக்கு இலத்தீன் வேண்டும். ஆகையால் முப்பத்திரண்டாம் வயதில் சிறு பையன்களுக்கு நடுவே வாங்குப் பலகையில் உட்கார்ந்து இலக்கணம் படித்தார். அந்த நீண்ட கால்களை எங்கே மடக்கி வைத்தாரோ! 1584-ல் குருவானார். அவர் சபையார் படுக்கை மாற்றுவதையும் ஊட்டுவதையும் மரிக்கிறவர் அருகில் இருப்பதையும் ஒழுங்காகப் பயின்றார்கள். அவரையும் அர்ச். தேவ அருளப்பரையும் 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1886-ல் வியாதிக்காரருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும், 11-ம் பத்திநாதர் பாப்பானவர் 1930-ல் நர்சுகளுக்கும் பாதுகாவலராகக் குறித்தார்கள். பையனை நர்சுக்கு அனுப்ப வெட்கப்பட்ட அந்த ஒரு தகப்பனார் இதைக் கவனிக்கவும்.

பிரசவ வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இன்னும் சிலர், "குலப் பெண் பார்க்கிற வேலையா இது?" என்கிறார்கள். ஒரு காலத்தில் திருச்சபையிலேயும் அந்தத் தயக்கம் இருந்தது. வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர்கள் பிரசவம் பார்க்கக் கூடாதென்று சட்டம். ஆஸ்திரிய தேசத்து டாக்டர் அன்னா தெங்கல் அம்மையார் 1920-க்குப் பின் இராவல்பிண்டியில் வைத்தியம் பார்த்தபோது, ஆண் வைத்தியரிடம் முகங்காட்டாத ஸ்திரீகள் வைத்தியமில்லாமல் சாவதைக் கண்ணாலே கண்டார். 1925-ல் மருத்துவ மிஷன் கன்னியர் கூட்டத்தை ஏற்படுத்தினார். ஆனால் அந்தச் சட்டத்தினால் அவர்கள் முறைப்படி வார்த்தைப்பாடு கொடுக்கக் கூடாதிருந்தது. 1936-ல்தான் உரோமாபுரியிலிருந்து அனுமதி வந்தது; அனுமதி மாத்திரமல்ல, மிஷன் தேசங்களில் கன்னியர்கள் பட்டமும் சான்றும் பெற்று அந்த வேலையைச் செய்யும்படி உற்சாகப்படுத்தியும் எழுதினார்கள். அதற்கு முன்னமே குண்டூரில், ஆஸ்திரேலிய தேசத்திலிருந்து 1920-ல் வந்த டாக்டர் மேரி குளோரி என்ற கன்னியாஸ்திரி, விசேஷ உத்தரவு பெற்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வைத்தியம் பார்த்து, உள்ளூர்ப் பெண்களையும் தாதிகளாகப் பழக்கினார். இன்றைக்கு நாடெங்கும் இருக்கிற கத்தோலிக்க ஆஸ்பத்திரிச் சங்கத்தை 1943-ல் தொடங்கினவரும் அவரே. நம்மைச் சேராதவர்களானாலும் வேலூரில் ஈதா ஸ்கடர் அம்மையார் 1909-லேயே நர்சுப் பள்ளி வைத்ததையும், அங்கே 1946-ல் பட்டப் படிப்பே வந்ததையும் சொல்லாமலிருப்பது நன்றியல்ல. உரோமாபுரியே விட்டுவிட்ட தயக்கத்தை நம் தெருவில் ஏன் காப்பாற்றி வைத்திருக்கிறோமென்று தெரியவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது நாடெங்கும் கைதட்டினோம். அதே மாதங்களில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற பெண்ணை வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர்களும் பல ஊர்களில் இருந்தார்கள்.

சென்ற வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் பங்குப் பிள்ளை ஒன்று முதல் முறையாக வார்டுக்குப் போனாள். ஒரு வயோதிபருக்கு உடம்பு துடைத்துவிடும் வேலை அவளுக்கு. அவர் அவளை "மகளே" என்று கூப்பிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அவர் மரித்துப் போனார். மூத்த பெண்ணோடு சேர்ந்து அவர் கண்களை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்து, துணியால் சுற்றுகிற வேலையும் அவளுக்கே வந்தது. அன்று இராத்திரி வீட்டுக்கு டெலிபோன் செய்து, "என்னால் முடியாது, வந்துவிடுகிறேன்" என்று அழுதாள். தாயார், "உடனே வந்துவிடு, கண்ணே" என்றாள். தகப்பனார், "கட்டின பணம் என்னாவது? பேசாமல் இரு" என்றார். இருவரும் சண்டையிட்டுக்கொண்டு இராத்திரி ஒன்பது மணிக்கு என்னிடம் வந்தார்கள். "என்ன நடந்ததென்று பிள்ளையைக் கேட்டீர்களா?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மரித்தவரைப் பற்றிய விஷயமே அதன்பின் நான் டெலிபோனில் கேட்டுத்தான் அவர்களுக்குத் தெரியும்.

நான் அவளுக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். "அவர் கிறீஸ்தவரா என்னவோ தெரியாது, சுவாமி" என்றாள். "இருக்கட்டும், நாளைக் காலைப் பூசை அவர் ஆத்துமத்துக்காக" என்றேன். கொஞ்ச நேரம் அழுதுகொண்டிருந்தாள். பிறகு அவர் கால்விரல் நகம் நீளமாய் வளர்ந்திருந்ததென்றும், மறுநாள் வெட்டிவிடுவதாகச் சொல்லியிருந்ததாகவும் சொன்னாள். அதன்பின், "மணி அடித்துவிட்டார்கள், சுவாமி, விளக்கை அணைப்பார்கள்" என்று வைத்துவிட்டாள். இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒரு பாடத்தில் தவறி மறுபடி எழுதுகிறாள். சென்ற லீவில் வந்தபோது, தன் பாட்டிக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்ததைத் திண்ணையில் கண்டேன்.

இனிப் பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியது. அந்தப் பள்ளிக்கு அல்லது கல்லூரிக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் பாருங்கள். நம் மாகாணத்தில் 1926-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சில் சென்னையில் இருக்கிறது. படித்து முடித்தவள் அங்கே பதிவு செய்துகொள்ளாமல் நர்சு வேலை பார்க்க முடியாது. அங்கீகாரமில்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடையாது. கையில் இருப்பது வெறும் காகிதம். பெயர்ப் பலகையையும் நான்கு மாடிக் கட்டடத்தையும் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அரசாங்கக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் கட்டணம் சொற்பம். நிலத்தை ஈடு வைக்குமுன் அதற்கு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் நர்சாக்குகிறோமென்று சொல்கிறவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். வழி தெரியாதவர்கள், நம் பங்கிலே இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்ற இரண்டு அம்மாள்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

நற்சான்றுக் கடிதம் எழுதித் தர எனக்குத் தடையில்லை. முன் வந்த ஏழு பேரும் இன்னொரு தடவை வரட்டும். வருகிற வாரம் முழுவதும் மாலை ஐந்து மணிக்கு அறைவீட்டில் இருப்பேன். பிள்ளை தனியே உள்ளே வந்து பேசட்டும். தகப்பனார் வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சில் இருக்கலாம். காற்று நன்றாக வருகிறது.